எஸ்.எம்.என்.1: 16 கோடி ஊசிக்குப் பின்னால் இருக்கும் மரபணு

2021-இல் தமிழ்ச் செய்திகளில் "16 கோடி ரூபாய் ஊசி" என்ற பேச்சு அடிக்கடி அடிபட்டது. கைக்குழந்தைக்கு அபூர்வமான தசை நோய், வாழ்நாளில் ஒரே தடவை செலுத்த வேண்டிய மருந்து, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், உதவுங்கள் என்று வாட்ஸ்அப் குழுக்களில் வேண்டுகோள்கள் சுற்றின. நோயின் பெயர் எஸ்.எம்.ஏ. தமிழில் முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவு என்பார்கள். விலையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அந்த மருந்துக்குள் என்ன இருக்கிறது என்ற பேச்சு எழவில்லை. உள்ளே இருப்பது ஒரு மரபணு. பெயர் எஸ்.எம்.என்.1.

தசை நோய் என்றதும், இது தசையைக் கட்டும் புரதத்துக்கான மரபணு போலிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். இல்லை. இந்த மரபணு தருவது, தூது ஆர்.என்.ஏ.வைச் சீர்செய்யும் பட்டறையில் வேலை செய்கிற எஸ்.எம்.என். என்ற புரதம். நம் உடம்பின் எல்லா செல்களிலும் இருக்கிறது. அது குறைந்தால் குழந்தையின் தசை ஏன் துவள வேண்டும் என்பதுதான் இதன் விசித்திரம்.

பத்தாம் வகுப்பில் படித்த டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் என்ற வரிசை மங்கலாக நினைவிருந்தால் போதும், மேலே போகலாம்.

மரபணு தொடர்ச்சியாக இல்லை

டி.என்.ஏ.வில் இருக்கும் செய்தி முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அந்தத் தூது ஆர்.என்.ஏ.வைப் படித்து செல் புரதம் செய்கிறது. பாடப்புத்தகம் இப்படி இரண்டு வரியில் முடித்துவிடும். ஆனால் மனித மரபணுவில் புரதத்துக்கு வேண்டிய எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்ற நான்குதான்) ஒரே நீளமாக இருப்பதில்லை. வேண்டிய துண்டு, பிறகு வேண்டாத நீண்ட பகுதி, மறுபடி வேண்டிய துண்டு என்று மாறிமாறி வரும். வேண்டியதை எக்ஸான் என்கிறோம், இடையில் வருவதை இன்ட்ரான் என்கிறோம். சீரியலைப் பதிவுசெய்து, நடுவில் வரும் விளம்பரங்களை வெட்டிவிட்டுக் கதையை மட்டும் ஒட்டிப் பார்ப்பது போல, செல் இன்ட்ரான்களை வெட்டி எறிந்து எக்ஸான்களை ஒன்றோடொன்று ஒட்டுகிறது. இதற்குப் பெயர் ஸ்ப்ளைசிங்.

1977-இல் அடினோவைரஸை ஆராய்ந்துகொண்டிருந்த ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகிய இருவரின் குழுக்களும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தன. மரபணு என்றால் தொடர்ச்சியான எழுத்து வரிசை என்று அதுவரை இருந்த நம்பிக்கை அதோடு உடைந்தது. 1993-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வெட்டப்படும் அளவு எவ்வளவு என்பதற்கு எஸ்.எம்.என்.1 மரபணுவையே எடுத்துக்கொள்வோம். அதன் மொத்த நீளம் ஏறக்குறைய 28,000 எழுத்துகள். புரதத்தைச் செய்யத் தேவைப்படும் எழுத்துகள் 885. மொத்தமுள்ள ஒன்பது எக்ஸான்களில் முதல் எட்டில் அவை சிதறிக் கிடக்கின்றன. (ஒன்பது என்றாலும் எண்ணிக்கை 1, 2ஏ, 2பி, 3 என்று ஓடி 8-இல் முடியும். இரண்டாம் எக்ஸானுக்குள் ஓர் இன்ட்ரான் ஒளிந்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. பழைய எண்களை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.)

வெட்டு ஓர் எழுத்து தப்பினாலும் வேலை கெட்டுவிடும். தூது ஆர்.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்துகளாகத்தான் செல் படிக்கிறது. ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ அதற்குப் பின்னால் வரும் எல்லாம் குளறுபடி. இவ்வளவு நுட்பமாக வெட்டுவது யார்?

ஸ்னர்ப்கள்

வெட்டி ஒட்டும் இயந்திரத்துக்கு ஸ்ப்ளைசியோசோம் என்று பெயர். நூற்றுக்கு மேற்பட்ட புரதங்கள் வந்து சேர்ந்து விலகும் பெரிய அமைப்பு இது. எப்போதும் தயாராக ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு இன்ட்ரானுக்கும் புதிதாகக் கூடி, வெட்டி முடித்ததும் கலைகிறது. இதன் மையத்தில் இருப்பவை யு1, யு2, யு4, யு5, யு6 என்ற ஐந்து குட்டி ஆர்.என்.ஏ.க்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய புரதங்களைச் சுமந்துகொண்டு திரியும். அந்தக் கூட்டணியை ஆய்வகங்களில் ஸ்னர்ப் என்பார்கள்.

யு1 ஸ்னர்ப்பின் வேலை எளிமையானது, முக்கியமானது. எக்ஸான் முடிந்து இன்ட்ரான் தொடங்கும் எல்லையை அது கண்டுபிடித்து ஒட்டிக்கொள்கிறது. தன் சொந்த எழுத்துகளை எல்லையில் இருக்கும் எழுத்துகளோடு ஜோடி சேர்த்துப் பார்த்துத்தான் இடத்தை அடையாளம் காண்கிறது. ஜோடி நன்றாகப் பொருந்தினால் பிடி உறுதியாக இருக்கும். அரைகுறையாகப் பொருந்தினால் நழுவும், அந்த எக்ஸானே விட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி எஸ்.எம்.என். புரதத்துக்கு வருவோம். 294 அமினோ அமிலங்கள் கொண்ட நடுத்தர அளவுப் புரதம். இது எதையும் வெட்டுவதில்லை, ஒட்டுவதும் இல்லை. ஸ்னர்ப்களைக் கட்டித் தருவதுதான் இதன் வேலை.

யு1 போன்ற குட்டி ஆர்.என்.ஏ. உட்கருவில் உருவாகிறது. உருவானதும் வெளியே சைட்டோபிளாசத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கே எஸ்.எம். புரதங்கள் (எஸ்.எம்.என். வேறு, இவை வேறு) என்ற ஏழு சிறு புரதங்கள் அந்த ஆர்.என்.ஏ.வைச் சுற்றி மோதிரம் போல் வளைய வேண்டும். சோதனைக் குழாயில் விட்டால் இந்த ஏழும் தாமாகவே வளையமாகிவிடும். ஆனால் தகுதி பார்க்காமல், பொருத்தமில்லாத ஆர்.என்.ஏ.வையும் பிடித்துக்கொள்ளும். செல்லுக்குள் அப்படி நடந்தால் ஆபத்து. அதனால் எஸ்.எம்.என். புரதம், ஜெமின் என்ற துணைப் புரதங்களோடு சேர்ந்து, மோதிரம் சரியான விரலுக்குத்தான் போகிறதா என்று கவனித்துப் போட்டுவிடுகிறது. ஜெமின்5 ஆர்.என்.ஏ.வை இனம் காண்கிறது. எஸ்.எம்.என். புரதத்தின் நடுவில் டியூடர் என்ற மடிப்பு இருக்கிறது; எஸ்.எம். புரதங்களின் வால்களைப் பிடிப்பது அது. வளையம் மாட்டிய ஸ்னர்ப் மறுபடி உட்கருவுக்குள் போய் வேலையில் சேர்கிறது. (யு6 மட்டும் வேறு வழியில் தயாராகிறது, அந்தக் கதை தனி.) பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிடியன் டிரைஃபஸ் குழு இந்த வேலையைப் படிப்படியாக வெளிக்கொண்டுவந்தது.

ஸ்னர்ப் இல்லாமல் ஸ்ப்ளைசிங் இல்லை. ஸ்ப்ளைசிங் இல்லாமல் புரதம் இல்லை. எலியில் இந்த மரபணுவை முழுக்க நீக்கிவிட்டால் கரு ஆரம்ப நாட்களிலேயே அழிந்துவிடுகிறது. அப்படியானால் இந்த மரபணு போய்விட்ட குழந்தை பிறப்பதே எப்படி?

ஒரே எழுத்தில் வித்தியாசம்

நம்மிடம் ஒரு மாற்று நகல் இருக்கிறது. ஐந்தாவது குரோமோசோமில் எஸ்.எம்.என்.1-க்குப் பக்கத்திலேயே, எஸ்.எம்.என்.2 என்று கிட்டத்தட்ட அச்சு அசலான இன்னொரு மரபணு. எலிக்கு இது கிடையாது. சிம்பன்சிக்குக் கூடுதல் நகல்கள் உண்டு, ஆனால் நான் இப்போது சொல்லப்போகும் மாற்றம் மனிதரிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஏழாவது எக்ஸான் மொத்தம் 54 எழுத்துகள். அதன் தொடக்கத்தைப் பாருங்கள்.

எஸ்.எம்.என்.1: ஜிஜிடி – டிடிசி – ஏஜிஏ
எஸ்.எம்.என்.2: ஜிஜிடி – டிடிடி – ஏஜிஏ

ஆறாவது எழுத்து ஒன்றில் 'சி', மற்றதில் 'டி'. அவ்வளவுதான். புரதத்தின் பக்கமிருந்து பார்த்தால் இந்த மாற்றத்துக்கு அர்த்தமே இல்லை. டிடிசி என்றாலும் டிடிடி என்றாலும் செல் சேர்ப்பது ஃபினைல்அலனின் என்ற அதே அமினோ அமிலத்தைத்தான். பாடப்புத்தகத்தில் இதை "மௌன மாற்றம்" என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள்.

ஆனால் ஸ்ப்ளைசியோசோம் அமினோ அமிலக் கணக்கு பார்ப்பதில்லை. எக்ஸானுக்குள் சில எழுத்துச் சேர்க்கைகள் "இதைச் சேர்த்துக்கொள்" என்று சொல்லும். வேறு சில "இதைத் தாண்டிப் போ" என்று சொல்லும். அவற்றை வாசிக்க உதவிப் புரதங்கள் இருக்கின்றன. எஸ்.எம்.என்.1-இல் அந்த 'சி' இருக்கும் இடம் சேர்க்கச் சொல்லும் அடையாளத்தின் பகுதி. அது 'டி' ஆனதும் அடையாளம் வலுவிழக்கிறது. போதாக்குறைக்கு, எக்ஸானைத் தவிர்க்கச் செய்யும் எச்.என்.ஆர்.என்.பி. ஏ1 என்ற புரதம் வந்து உட்கார வசதியாகிறது. இரண்டில் எது முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சில காலம் மல்லுக்கட்டினார்கள். இரண்டுக்கும் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதோடு, ஏழாவது எக்ஸானுக்குப் பிறவியிலேயே ஒரு பலவீனம் வேறு. அதன் கடைசி எழுத்து 'ஏ'. பெரும்பாலான எக்ஸான்கள் 'ஜி'யில் முடியும். அப்போதுதான் யு1 ஸ்னர்ப் கெட்டியாகப் பிடிக்க முடியும். இங்கே பிடி தளர்வாகவே இருக்கிறது.

விளைவு: எஸ்.எம்.என்.2-இலிருந்து வரும் தூது ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதியில் ஏழாவது எக்ஸானே இருக்காது. அந்தப் பிரதியிலிருந்து வரும் புரதத்துக்குக் கடைசி 16 அமினோ அமிலங்கள் போய், அந்த இடத்தில் வேறு நான்கு ஒட்டிக்கொள்ளும். அந்த வாலோடு வரும் புரதத்தை செல் சீக்கிரமே சிதைத்துவிடுகிறது. சுமார் பத்தில் ஒரு பங்கு ஆர்.என்.ஏ. மட்டும் முழுமையாக வரும். கருவைக் காப்பாற்றிப் பிறக்க வைக்க அது போதும். வாழ வைக்கப் போதாது.

ஸ்னர்ப்களுக்கு வளையம் மாட்டிவிடும் புரதத்தின் மாற்று நகல், ஸ்ப்ளைசிங் கோளாறாலேயே வீணாகிறது. உயிரியலில் இவ்வளவு குரூரமான முரணை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நோய்

எஸ்.எம்.ஏ. உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு, அப்பா வழி வந்த எஸ்.எம்.என்.1, அம்மா வழி வந்த எஸ்.எம்.என்.1 இரண்டிலும் ஏழாவது எக்ஸான் இல்லை. உலக அளவில் சுமார் 10,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1891-இல் குய்டோ வெர்ட்னிக், 1893-இல் யோஹான் ஹாஃப்மன் என்ற மருத்துவர்கள் இந்த நோயை முதலில் விவரித்தார்கள். மரபணு கிடைக்க நூறாண்டு ஆனது. 1995-இல் பாரிஸில் ஜூடித் மெல்கியின் குழு எஸ்.எம்.என்.1-ஐக் கண்டுபிடித்தது.

கடுமையான வகையில், பிறந்து ஆறு மாதத்துக்குள் அறிகுறிகள் தெரிந்துவிடும். தலை நிற்காது. குப்புற விழாது. வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினால் துவண்டு தொங்கும். அழுகைச் சத்தம் மெலிந்திருக்கும். ஆனால் கண்கள் துறுதுறுவென்று இருக்கும், முகம் பார்த்துச் சிரிக்கும். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்டுவடத்திலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் மோட்டார் நியூரான்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. மூச்சுத் தசைகளும் தளரும். சிகிச்சை இல்லாத காலத்தில் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டியதில்லை.

எல்லோருக்கும் இதே கடுமை வராததற்குக் காரணம் எஸ்.எம்.என்.2-தான். சிலருக்கு அதன் நகல்கள் இரண்டு, சிலருக்கு மூன்று, நான்கு. நகல் கூடக் கூட, அந்தப் பத்துப் பத்து விழுக்காடும் சேர்ந்து நோய் தணிகிறது. நான்கு நகல் உள்ளவர் நடக்கவே செய்யலாம். எலிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சொந்த மரபணுவை நீக்கிவிட்டு, மனித எஸ்.எம்.என்.2-ஐப் புகுத்தியபோது, இரண்டு நகல் இருந்த எலிக்குஞ்சுகள் சில நாட்களில் இறந்தன. எட்டு நகல் இருந்தவை பிழைத்தன.

எல்லா செல்லுக்கும் வேண்டிய புரதம் குறையும்போது மோட்டார் நியூரான் மட்டும் ஏன் முதலில் விழுகிறது? ஆய்வாளர்களுக்குள் இதில் இன்னும் முழு உடன்பாடு இல்லை. நியூரான்களுக்கு இன்றியமையாத சில மரபணுக்களின் ஸ்ப்ளைசிங் அதிகம் கெடுகிறது என்று ஒரு தரப்பு சொல்கிறது. இந்தப் புரதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு, நியூரானின் நீண்ட இழைகளுக்குள் ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டுசெல்ல உதவுகிறது, அது நின்றுபோவதால்தான் என்று இன்னொரு தரப்பு.

மூன்று மருந்து, மூன்று வழி

எஸ்.எம்.என்.2 ஒவ்வொரு நோயாளியிடமும் இருக்கிறது. அதை எப்படியாவது ஏழாவது எக்ஸானைச் சேர்க்க வைத்தால் போதும் என்ற யோசனையிலிருந்து முதல் மருந்து வந்தது. 2006-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ரவீந்திர சிங் குழு, ஏழாவது எக்ஸானை அடுத்த இன்ட்ரானில் 15 எழுத்து நீளமுள்ள ஓர் இடத்தைக் கண்டது. "எக்ஸானைத் தாண்டிப் போ" என்று சொல்லும் இடம் அது. அதை மூடிவிட்டால் எக்ஸான் சேர்ந்துவிடுகிறது. கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் ஏட்ரியன் கிரைனரும் அயோனிஸ் நிறுவனமும் அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் 18 எழுத்துச் செயற்கைத் துண்டு ஒன்றை மருந்தாக்கினார்கள். அதுதான் நுசினெர்சென். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரில் செலுத்த வேண்டும். முதல் இரண்டு மாதத்தில் நான்கு தடவை, பிறகு நான்கு மாதத்துக்கு ஒரு தடவை, வாழ்நாள் முழுதும். 2017-இல் வெளியான சோதனை முடிவில், மருந்து பெற்ற 73 குழந்தைகளில் 37 பேர் தலை நிற்பது, உருள்வது போன்ற வளர்ச்சிப் படிகளில் முன்னேறினார்கள். பெறாத 37 பேரில் ஒருவர்கூட இல்லை.

இரண்டாவதுதான் அந்த 16 கோடி ஊசி. ஒனாசெம்னோஜீன் என்ற மரபணு சிகிச்சை, வணிகப் பெயர் சோல்ஜென்ஸ்மா. 2019 மே மாதம் அனுமதி, அமெரிக்க விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். நோய் செய்யாத ஏஏவி9 என்ற வைரஸின் உறைக்குள் எஸ்.எம்.என். மரபணுவை வைத்து ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். 28,000 எழுத்தையும் அந்தச் சின்ன உறைக்குள் அடைக்க முடியாது. சுமார் 4,700 எழுத்துக்குத்தான் இடம். ஆகவே இன்ட்ரான்களை முன்பே நீக்கி எக்ஸான்களை ஒட்டிய வடிவத்தை வைக்கிறார்கள். ஏழாவது எக்ஸானை விட்டுவிடும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. கோளாறு எங்கே இருந்ததோ அந்தப் படியையே இந்த மருந்து தாண்டிவிடுகிறது.

மூன்றாவது, ரிஸ்டிபிளாம். வாய்வழி தினமும் கொடுக்கும் திரவ மருந்து, 2020 ஆகஸ்டில் வந்தது. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அது வேலை செய்யும் விதத்துக்காக. ஏழாவது எக்ஸான் 'ஏ'வில் முடிவதால் யு1 ஸ்னர்ப்பின் பிடி தளர்வாக இருக்கிறது என்று பார்த்தோமே, அந்த 'ஏ' ஜோடி சேராமல் லேசாகப் புடைத்து நிற்கும். இந்த வகைச் சிறு மூலக்கூறுகள் சரியாக அங்கே போய் அமர்ந்து, புடைப்பை உள்ளே இழுத்து, பிடியை இறுக்குகின்றன. பிடியை இறுக்கிக்கொள்ளும் யு1-க்கு வளையம் மாட்டிவிட்டதும் எஸ்.எம்.என். புரதம்தான். இந்தியாவில் இந்த மருந்தின் விலை பெரிய வழக்காகவே ஆனது. காப்புரிமையைக் காட்டித் தடை கேட்ட ரோஷ் நிறுவனத்துக்கு டெல்லி உயர் நீதிமன்றம் தடை தர மறுத்தது. 2025-இல் நாட்கோ நிறுவனத்தின் ஜெனரிக் வடிவம் சந்தைக்கு வந்தது.

எந்த மருந்தும் இறந்துவிட்ட நியூரானைத் திரும்பக் கொண்டுவராது. அதனால் எப்போது தொடங்குகிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அறிகுறி தெரியும் முன்பே நுசினெர்சென் தொடங்கிய 25 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, சுமார் மூன்று வயதில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், எல்லோரும் உட்கார்ந்தார்கள், 22 பேர் தாமாக நடந்தார்கள். அமெரிக்கா 2018-இல் எஸ்.எம்.ஏ.வைப் பச்சிளங்குழந்தைப் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படிப் பார்க்கும் ஏற்பாடு இல்லை.

இங்கே கைக்கெட்டும் வழி, பெற்றோரைப் பார்ப்பது. சுமார் 50 பேரில் ஒருவருக்கு ஒரு எஸ்.எம்.என்.1 நகல் மட்டுமே இருக்கும் என்கிறார்கள். அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. கணவன், மனைவி இருவருமே அப்படி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டும் வீடுகளில் இருவரும் ஒரே மாற்றத்தைச் சுமப்பதற்கான சாத்தியம் கூடும். குடும்பத்தில் முன்பு இந்த நோய் வந்திருந்தாலோ, காரணம் தெரியாமல் துவண்ட குழந்தை இறந்திருந்தாலோ, எம்.எல்.பி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் நகல்களை எண்ணிப் பார்த்துவிடலாம். ஒன்று கவனிக்க: சிலருக்கு ஒரு குரோமோசோமில் இரண்டு நகலும் மற்றதில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். மொத்தம் இரண்டு என்று அறிக்கை வரும், ஆனாலும் அவர் சுமப்பவரே. அறிக்கையை மரபணு ஆலோசகரிடம் காட்டிப் பேசுங்கள் என்று சொல்வது அதனால்தான்.